செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நூறு கிராம் ஹாப்ஸ்

அன்றைக்குச் சுவைப்பு மேசையில் இருந்தவர்கள் மூன்று பேர்: ப்ரூ மாஸ்டர் ஜோசப் சார், லேப் மாலதி அக்கா, நான். இருக்க வேண்டிய நாலாவது ஆளான ஸ்டோர்ஸ் சீனு அண்ணன் வரவில்லை. அவருக்கு ஜலதோஷம். எங்கள் வேலைக்குக் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வரலாம், மூக்கடைத்துக்கொண்டு வரக்கூடாது.

அவர் நாற்காலி காலியாக இருந்ததால் நான் அதில் உட்கார்ந்தேன். அவருக்கு ஊற்றி வைத்த கிளாஸையும் எடுத்துக்கொண்டேன். எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

பாண்டிச்சேரியில் வாடிக்கையாளர் கண்ணெதிரே பீர் தயாரித்து ஊற்றிக் கொடுக்கும் சின்ன ப்ரூவரி ஒன்றில் நான் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்து ட்ரெய்னியாகச் சேர்ந்தபோது நடந்ததை, இப்போது சேரும் தம்பி தங்கைகளுக்காக எழுதி வைக்கிறேன்.

1. அடுத்தவர் பேப்பர்

சுவைப்பு எப்போதும் காலை பத்து மணிக்கு. அதற்கு முன் காபி கூடாது, தலைக்கு வாசனை எண்ணெய் கூடாது. மாலதி அக்கா தலையிலிருக்கும் மல்லிகைச் சரத்தைக் கழற்றி வெளியே ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

கிளாஸைச் சாய்த்து ஊற்றி, கடைசியில் நிமிர்த்தி, இரண்டு விரல் அளவுக்கு நுரை கட்ட விட வேண்டும். நுரையை ஏமாற்று வேலை என்று நினைத்துத் தட்டிக் கொட்டுகிறவர்கள் உண்டு. வாசனையைப் பிடித்து வைத்திருப்பதே நுரைதான். முதலில் மூக்கு, பிறகுதான் வாய். ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டி விழுங்கிவிட்டு, வாயை மூடி மூக்கு வழியாக மூச்சு விட வேண்டும். மனதில் பட்டதை ஃபார்மில் எழுத வேண்டும்.

அன்றைக்குப் புது பேல் ஏல். ஹாப்ஸ் தூக்கலாகப் போட்ட பீர் என்று ஜோசப் சார் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மோந்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி மோந்தேன். ஈரமான வைக்கோல் மாதிரி லேசாக ஏதோ. மாலதி அக்காவோ விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். கிரேப்ஃப்ரூட், பைன், லிச்சி. நானும் அதையே கொஞ்சம் வரிசை மாற்றி எழுதினேன்.

ஜோசப் சார் என் ஃபார்மை எடுத்துப் படித்தார்.

“தம்பி, பைன் மரம் எங்க பார்த்த?”

“பார்த்ததில்ல சார்.”

“லிச்சி?”

“ஜூஸ் பாட்டில்ல படம் பார்த்திருக்கேன் சார்.”

“நீ குடிச்சது பேல் ஏலே இல்லடா. சீனு முழிச்சிட்டிருக்கானா தூங்குறானான்னு பார்க்க அவன் கிளாஸ்ல சாதா லாகர் பீரை ஊத்தி வெச்சிருந்தேன். அதுல ஹாப்ஸ் பேருக்குத்தான் இருக்கு.”

மாலதி அக்கா மேசையில் தலை கவிழ்த்துச் சிரித்தார். “என் பேப்பரைப் பார்த்து எழுதி ஃபெயிலான ஒரே ஆளு நீதான்டா.”

ஜோசப் சார் சிரிக்கவில்லை. “அடுத்த புதன்கிழமை நிஜ பேல் ஏல் தர்றேன். உன் மூக்கு சொல்றதை எழுது. அதுல ஒரு வார்த்தை அடுத்தவங்களுதா இருந்தா, உன்னை லேப்ல வெச்சிக்க மாட்டேன். கெக் கழுவப் போயிடு.”

கெக் என்பது பீர் அடைக்கும் எவர்சில்வர் உருளை. அதைக் கழுவுவது கேவலமான வேலை இல்லை. ஆனால் அதற்கு எம்.எஸ்சி. தேவையில்லை. என் ப்ரொபேஷன் முடிவதும் அதே வாரம்தான்.

திங்கட்கிழமை எங்களுக்கு லீவு. செஞ்சிக்கு, சொந்த ஊருக்குப் போகிறேன் என்றதும் நூறு கிராம் ஹாப்ஸ் பாக்கெட் ஒன்றைக் கையில் கொடுத்தார். ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. காய வைத்து, அரைத்து, கோழித்தீவனம் மாதிரி பச்சைக் குச்சிகளாக அழுத்தி, காற்றுப் புகாத வெள்ளிக் கவரில் அடைத்து வரும். பீரைப் பாண்டி எல்லை தாண்டி எடுத்துப்போக முடியாது, பூவை எடுத்துப்போகலாம்.

“வீட்ல உக்காந்து மோந்து பழகு” என்றார். வீட்டில் என்றுதான் சொன்னார்.

2. ஒரே குடும்பம்

எனக்குப் பொறுமை இல்லை. தீவனூர் தாண்டியதும் பஸ்ஸிலேயே பாக்கெட்டைப் பல்லால் கிழித்தேன்.

கவருக்குள் இத்தனை வாசனை அடைந்து கிடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு நிமிடத்தில் பஸ் முழுக்கப் பரவிவிட்டது. முன் சீட்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

“இன்னாப்பா அது, கையில?”

“ஹாப்ஸ்ணே. ஒரு பூ.”

“பூவா? பூவை எவன்டா குச்சி குச்சியா பண்ணுவான்?”

ஜன்னலோரத்தில் இருந்த பெரியவர் மூக்கை உறிஞ்சினார். “கஞ்சாங்க அது. எங்க தெருவுல ரெண்டு பேரைப் புடிச்சாங்களே, அன்னிக்கு இதே நாத்தம்தான்.”

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் படித்தவன் அல்லவா, விளக்கம் சொன்னேன்.

“வாசனை ஒரே மாதிரிதாங்க இருக்கும். தாவரவியல்படி கஞ்சாவும் இதுவும் ஒரே குடும்பம். ஆனா...”

“ஆனா”வுக்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

“ஒரே குடும்பமாம், அவனே சொல்றான் பாரு!” என்றார் பெரியவர். கண்டக்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். செஞ்சி வரும்வரை நடுவில் ஏறியவர்களுக்கெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே டிக்கெட் கிழித்தார்.

3. மூன்றாவது பதில்

பஸ் ஸ்டாண்டு டீக்கடை வாசலில் பெண் எஸ்.ஐ. ஒருவரும் ஏட்டு ஒருவரும் நின்றிருந்தார்கள். கண்டக்டர் என்னையும் பாக்கெட்டையும் அவர்களிடம் ஒப்படைத்தார். எதிரே மலை மேல் கோட்டை தெரிந்தது. சிறையிலிருந்தும் அது தெரியுமா என்று யோசித்தேன்.

எஸ்.ஐ. மேடம் நிதானமாகத்தான் கேட்டார். “எங்க வேலை?”

“பாண்டில, பீர் தயாரிக்கிற இடத்துல மேடம். எங்க சாருக்குப் போன் போட்டுக் கேளுங்க.”

போட்டார்கள். ஸ்விட்ச் ஆஃப். லீவு நாளில் ஜோசப் சார் பத்தரை மணி வரை தூங்குவார்.

அதற்குள் யாரோ சொல்லி என் அப்பா, நாங்கள் நைனா என்று கூப்பிடுகிறவர், ஓடி வந்துவிட்டார். நைனா மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை தூக்குகிறவர். தலையில் சும்மாடு அப்படியே இருந்தது, தோளெல்லாம் உமி.

“அம்மா, எம்புள்ள தப்புத் தண்டாவுக்குப் போறவன் இல்லம்மா. பாண்டில மருந்து கம்பெனில வேலை செய்றான்!”

நான் தரையைப் பார்த்தேன். வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். நைனாவுக்குக் குடிக்கிறவர்களைக் கண்டால் ஆகாது.

எஸ்.ஐ. மேடம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “புள்ள பீருன்றான். அப்பா மருந்துன்றாரு. மூணாவதா நான் கஞ்சான்னு எழுதிக்கட்டுமா?”

நைனா என் பக்கம் திரும்பினார். சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கேஸ் என்று ஒன்று எழுதிவிட்டால், பிறகு அது பொய் என்று ஆனாலும், எங்கள் தெருவில் அது என் பெயரோடு சேர்ந்தே இருக்கும்.

“மேடம், எல்லார் எதிரிலயும் நானே இதைக் குடிச்சிக் காட்டறேன். போதை ஏறுதான்னு நீங்களே பாருங்க.”

மேடம் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு தலையாட்டினார். டீ மாஸ்டர் ஒரு கைப்பிடிக் குச்சிகளை வாங்கி, டீத்தூளைப் போடுவதுபோலவே தண்ணீரில் போட்டு, தளதளவென்று பத்து நிமிடம் கொதிக்க விட்டு வடிகட்டிக் கொடுத்தார்.

குடித்தேன். நிலவேம்புக் கஷாயம் எல்லாம் இதற்கு முன்னால் பாயசம். கண் மூடிக்கொண்டது, வாய் கோணியது, காது வரை கசந்தது. கூட்டத்தில் ஒரு குழந்தை என்னைப் பார்த்து அழுதது.

ஏட்டு என் முகத்தைக் கிட்டத்தில் வந்து பார்த்தார். “இருபத்தாறு வருஷ சர்வீஸ்மா எனக்கு. கஞ்சா அடிச்சிட்டு எவனும் மூஞ்சை இப்படி வெச்சிக்க மாட்டான்.”

ஆனாலும் அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கோடு மாதிரி நடக்கச் சொன்னார்கள். நடந்தேன். பத்தரைக்கு ஜோசப் சாரே கூப்பிட்டார். மேடம் ஸ்பீக்கரில் போட்டார்.

“மேடம், அது பூதான். கம்பெனி வாங்கின பில்லு இருக்கு, இப்பவே வாட்ஸ்அப்ல அனுப்பறேன்.”

பில் வந்தது. மேடம் அதையும் கவரில் அச்சடித்திருந்ததையும் எழுத்துக்கூட்டாத குறையாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, “இனிமே இந்தப் பில்லைப் பையிலயே வெச்சிக்க” என்றார்.

நைனா கிட்டே வந்தார். “பீரா?”

“ஆமா நைனா.”

“பீரு தானா! அடப்பாவி, அரை மணி நேரமா எனக்கு உசுரே இல்லடா.” என் முதுகில் ஒன்று வைத்தார். வாழ்க்கையில் நைனா பீர் என்ற சொல்லை மகிழ்ச்சியோடு சொன்னது அன்றைக்கு மட்டும்தான்.

4. மூடி போட்ட கிளாஸ்

போன் இன்னும் ஸ்பீக்கரில்தான் இருந்தது. நான் குடித்துக் காட்டியதை மேடம் சொன்னதும் ஜோசப் சார் விடவில்லை. “குடிச்சியே, இன்னா வந்துச்சு?”

“கசப்பு சார்.”

“கொதிக்க வெச்சியா? கொதிச்சா கசப்பு இறங்கும், வாசனை பறந்துடும்டா. ஹாப்ஸை முதல்ல கொஞ்சம் போட்டுக் கொதிக்க வெக்கிறோம், கடைசில அடுப்பை அணைச்சிட்டு நிறையப் போடறோமே, எதுக்குன்னு நெனச்ச? தண்ணியை இறக்கி வெச்சிட்டுப் போடு. மூடு. அஞ்சு நிமிஷம்.”

“தூளைக் கொதிக்க வெக்காம இன்னா டீ?” என்று மாஸ்டருக்கு மனத்தாங்கல். இருந்தாலும் இறக்கி வைத்த தண்ணீரில் போட்டுத் தட்டால் மூடினார்.

தட்டைத் திறந்தபோது நான்தான் முதலில் குனிந்தேன். பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. மாங்காய்க் காம்பைக் கிள்ளியதும் சொட்டுமே பால், அது. ஆறாம் வகுப்பில் மாங்காய் திருடி, அந்தப் பால் பட்டு உதடு புண்ணாகி, ஒரு வாரம் பொய் சொல்லித் திரிந்த அதே வாசனை.

“மாங்கா பாலு!” என்று கத்தினேன்.

“இல்லப்பா, நார்த்தை எலை” என்றார் ஏட்டு.

“கொய்யாப் பழம். நல்லா கனிஞ்சது” என்றார் மாஸ்டர்.

“எனக்குக் குடுங்க” என்று மேடமே ஒரு கிளாஸ் வாங்கினார். மோந்துவிட்டுக் குடியுங்கள், விழுங்கிவிட்டு மூக்கால் மூச்சு விடுங்கள் என்று நான் சொல்லிக் கொடுக்க, பஸ்ஸிலிருந்து கூடவே இறங்கி வந்த அந்தப் பெரியவர் உள்பட எல்லாரும் அப்படியே செய்தார்கள். மேடம் இரண்டாவது முறை மோந்து, “ஏட்டையா சொல்றதுதான். நார்த்தை” என்று தீர்ப்புச் சொன்னார். நைனா ஒரு வாய் குடித்துவிட்டு, “இதுக்குக் காசு வேற குடுக்குறாங்களா?” என்றார்.

புதன்கிழமை நிஜ பேல் ஏல் வந்தது. தேன் நிறம், இரண்டு விரல் நுரை. மோந்ததுமே மாங்காய்ப் பால், அதன் பின்னால் நார்த்தை இலை. வாயில் முதலில் வறுத்த தானியத்தின் லேசான இனிப்பு. விழுங்கியதும் கசப்பு வந்து நாக்கின் அடியில் உட்கார்ந்தது. கஷாயக் கசப்பு இல்லை. அடுத்த வாய் கேட்கிற கசப்பு. டீக்கடையில் பார்த்த இரண்டு கிளாஸும் இந்த ஒரு கிளாஸில் இருந்தன. அப்படியே தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

ஜோசப் சார் வெளியே போய், காம்போடு ஒரு மாங்காய் வாங்கி வந்தார். கிள்ளி மோந்தார். கிளாஸை மோந்தார். மறுபடி மாங்காய்.

“மாலதி, போர்டுல கிரேப்ஃப்ரூட்டை அழி.”

பீரின் வாசனைகளை வாடிக்கையாளருக்கு எழுதி வைக்கிற அந்தப் போர்டில் இன்றைக்கும் மாங்காய்ப் பால்தான் முதலில். படித்துவிட்டு மோந்து பார்க்கிற வாடிக்கையாளர்கள், கண்ணை மூடிச் சிரிப்பதைக் கவனித்திருக்கிறேன். நான் லேபிலேயே இருக்கிறேன்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்ல இரண்டு விஷயம்தான். எதை எடுத்துப் போனாலும் பில்லையும் எடுத்துப் போங்கள். ஃபார்மில் உங்கள் மூக்கு போன இடத்தை மட்டும் எழுதுங்கள். அது போகாத ஊரின் பழத்தை எழுதாதீர்கள்.

செஞ்சியில் அன்றைக்கு மேடம் கிளம்பியதும் டீ மாஸ்டர் கணக்குச் சொன்னார். கசப்புக் கிளாஸோடு சேர்த்துப் பதினொரு கிளாஸ்.

“பாலு போடல, சக்கரை போடல, தூளும் எங்களுது. சுடுதண்ணிக்கு இன்னாப்பா காசு?” என்று நைனா சண்டைக்குப் போனார்.

“கேஸு எரிஞ்சிச்சில்ல?”

நான் பர்ஸை எடுத்தேன். நைனா என் கையைத் தட்டிவிட்டு, சும்மாட்டுத் துண்டின் முனையில் காசு முடிந்திருந்த முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார். நூற்றுப் பத்து ரூபாய்.