உட்கார்ந்து சாப்பிட்டவள்

மகாதேவிக்கு ஊர் கொடுத்த பட்டம் ஒன்று உண்டு: ‘உக்காந்து சாப்பிடுறவ.’ பூம்பாறைக்கு மேலே இருக்கிற அந்த மலைக்கிராமத்தில் ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. மகன் தலையெடுத்துவிட்டான், மருமகள் தட்டை நீட்டுகிறாள், இவளுக்கு இனி ஒரு சோலியும் இல்லை என்று அர்த்தம். அந்தப் பாராட்டுதான் அவள் காலைத் தின்றது.

அவள் எப்பேர்ப்பட்ட கால்காரி தெரியுமா? வெள்ளனே எழுந்து பூண்டுக்காட்டில் இறங்கினால் பொழுது சாயத்தான் வீட்டுக்கு ஏறுவாள். படிப்படியாக வெட்டிய காடு அது. எருக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் ஏறுகிற ஏற்றத்தில், வெறுங்கையோடு வருகிற வெளியூர்க்காரன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவான். புருஷன் போனபிறகு அந்தக் காட்டை வைத்துத்தான் மகன் பிரசாந்தை ஆளாக்கினாள். சர்க்கரை இருப்பதை அப்போதே ஒரு முகாமில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையும் கேப்பைக்களியும் காட்டுவேலையுமாகச் சர்க்கரை சொன்னபடி கேட்டு அடங்கிக் கிடந்தது.

பிரசாந்த் சுற்றுலாக்காரர்களுக்கு அறைகள் கட்டி நாலு காசு பார்த்ததும் செய்த முதல் காரியம், காட்டைப் பக்கத்துக் காட்டுக்காரி கந்தம்மாளுக்குக் குத்தகைக்கு விட்டதுதான். பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதில் பாதி பயம். மச்சு வீடு கட்டியவனின் தாய் களைக்கொத்தோடு போனால், ‘மகன் கஞ்சி ஊத்தலையா?’ என்று ஊர் கேட்டுவிடுமாம். ஊர் வாய்க்குப் பயந்து பெற்றவளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தான். அவள் கையை ஊன்றி எழுந்தாலே மருமகள் ரம்யா ஓடிவந்துவிடுவாள். “நீங்க உக்காருங்க அத்தே, நான் எடுத்தாறேன்.” தங்கமான பெண். அதுதான் கொடுமையே. சண்டைபோடக்கூட வழியில்லை.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், மகனின் பிழைப்பே ஊரானை நடக்க வைப்பதுதான். வாசலில் பலகை மாட்டியிருந்தான்: ‘பூண்டுக்காட்டு நடை.’ தினமும் காலையில் பெங்களூர்க்காரர்களையும் சென்னைக்காரர்களையும் நிறுத்தி வைத்துப் பேசுவான். “சார், இந்த ஏத்தத்துல ஏறி எறங்குனா ஹார்ட்டுக்கு அவ்வளவு நல்லது. பிரஷர் குறையும், சுகர் கண்ட்ரோலுக்கு வரும்.” அம்மா நாற்காலியில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். ஊருக்குத்தான் உபதேசம்!

இப்படி உட்கார்ந்தே சில வருஷம் போனபிறகு, ஒரு குளிர்காலத்தில் ஒருநாள் கணப்புச் சட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். குதிகால் சட்டியில் பட்டுப் பொசுங்கியது. அவளுக்குத் தெரியவில்லை. நாற்றம் வந்து ரம்யா அலறியபிறகுதான் குனிந்து பார்த்தாள். தன் கால் தீய்ந்தது தனக்கே தெரியவில்லை என்றதும் அந்த இடத்தை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள்.

கொடைக்கானலில் டாக்டர் ஹெப்சிபா புண்ணுக்குக் கட்டுப்போட்டார், மாத்திரையைக் கூட்டினார், ஒளிக்காமல் சொன்னார். “மகாதேவிம்மா, சுகர் எக்கச்சக்கமா ஏறிக்கிடக்கு. பாதத்துல உணர்ச்சி போயிடுச்சு. இப்படியே விட்டா அடுத்த புண்ணுக்கு விரலை எடுக்கணும்பாங்க, அப்புறம் காலையே எடுக்கணும்பாங்க. புண்ணு ஆறுனதும் டெய்லி வாக்கிங் போங்க.”

வாக்கிங்! அந்த வார்த்தையைக் கேட்டதும் பிரசாந்துக்கு ஞாபகம் வந்தது கொடைக்கானல் ஏரிதான். ஷூ போட்டவர்கள் கைவீசி நடக்கிற இடம். சொந்த ஊரில் அம்மா சும்மா நடந்தால், மகன் வீட்டில் சண்டை என்று கதை கட்டுவார்களே. அதனால் புண் ஆறியதும் அவளுக்கும் ஒரு ஷூ வாங்கி மாட்டி, வாராவாரம் காரில் ஏற்றி, அத்தனை கொண்டையூசி வளைவுகளையும் சுற்றி, ஏரிக்கரையில் இறக்கி நடக்கவிட்டான். பாதிச் சுற்றில் சோளம் வாங்கிக் கொடுத்து பெஞ்சில் உட்காரவைத்தான். ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு காடெல்லாம் தேடிய கதை!

அடுத்தமுறை ரத்தச் சோதனையில் சர்க்கரை இறங்கவேயில்லை. “வாரந்தவறாம ஏரிக்குக் கூட்டியாறேன் டாக்டர்,” என்றான் பெருமையாக.

“ஏரிக்கா? உங்க ஊர்ல நடக்க எடமில்லையா?”

“மலைதான் டாக்டரம்மா கெடக்கு,” என்றாள் மகாதேவி.

டாக்டர் பேனாவை மேஜையில் போட்டார். “காட்டுவேலை செஞ்சவரைக்கும் இவங்க தசையே சர்க்கரையைச் செலவழிச்சிருக்கு தம்பி. அதை நிறுத்திட்டீங்க. இப்ப மாத்திரை மட்டும் தனியா மல்லுக்கட்டுது. மாத்திரையை விடவேண்டாம். ஷூ இல்லாம இறங்கவேண்டாம், தினமும் பாதத்தைப் பாத்துக்கோங்க. ஆனா அவங்களை அவங்க மலையில நடக்க விடுங்க.”

வீடு வரும்வரை மகாதேவி கார் ஜன்னல் வழியே மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். வந்தது அழுகையா கோபமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. எத்தனை வருஷமாகத் தன் உடம்பைக் காப்பாற்றிய மலையைப் பிடுங்கிக்கொண்டு நாற்காலியைக் கொடுத்திருக்கிறார்கள்! அதற்கு ஊரே கைதட்டியிருக்கிறது!

மறுநாள் காலை பூண்டுக்காட்டு நடைக்கு ஆட்கள் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் ஷூவும் சேலையுமாக, கையில் களைக்கொத்தோடு மகாதேவி நின்றாள்.

“என்னம்மா இது, எல்லாரும் பாக்குறாக. உள்ள போய் உக்காரும்மா.”

“ஏலே, காசு குடுத்தவன் நடந்தா ஒடம்புக்கு நல்லது, பெத்தவ நடந்தா ஒனக்குக் கௌரவக் கொறச்சலா? இன்னொருவாட்டி உக்காருன்னு சொன்னே, இந்தக் கொத்தாலயே போடுவேன்!”

விருந்தாளிகளைத் தாண்டி அவள் காட்டுக்கு இறங்கினாள். மெதுவாகத்தான். வரப்பில் ஒவ்வொரு அடியையும் கண்ணால் பார்த்து வைத்தாள், பாதத்துக்குத்தான் தரை தெரியவில்லையே. பிரசாந்த் பதறிக்கொண்டு பின்னால் போனான்.

காட்டில் நின்ற கந்தம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். மலை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். “என்னத்தா மகாதேவி, மகன் கஞ்சி ஊத்தலையா?”

இத்தனை நாள் பிரசாந்த் பயந்த கேள்வி. அவன் முகம் செத்துப்போனது.

“ஊத்துறான்டி, வயிறு முட்ட ஊத்துறான்!” மகாதேவியின் குரல் அதைவிடப் பெரிதாக வந்தது. “உக்காரவச்சு ஊத்தி ஊத்தியே காலைக் கொன்னுட்டாய்ங்க. நீங்கள்லாம் நின்னு மெச்சுனீக! நகரு, ஒரு பாத்தி களையெடுத்துட்டுப் போறேன். ஊரு சிரிக்கட்டும். என் காலை வெட்டுனா ஊரா வந்து தூக்கிச் சுமக்கும்?”

கந்தம்மாள் நகர்ந்து இடம் விட்டாள்.

மறுநாள் விடிந்தபோது மகாதேவி கட்டிலை விட்டு எழ முடியாமல் முனகினாள். தொடை ரெண்டும் பிடித்துக் கிடந்தது. பிரசாந்த் ஓடிவந்து காலடியில் உட்கார்ந்தான்.

“வலிக்குதாம்மா?”

“வலிக்குதுடா. நல்லா வலிக்குது.” சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “அன்னைக்கு நெருப்புச் சுட்டப்ப வலிக்கலையேடா. இன்னைக்கு வலிக்குதுல்ல, அப்ப காலு இன்னும் முழுசாப் போயிரல.”

அவன் ஷூவை எடுத்து, உள்ளே கையைவிட்டுக் கல் கிடக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, அம்மா காலில் மாட்டத் தொடங்கினான்.

“வெரசாக் கட்டுடா,” என்றாள். “வெயிலு ஏறுது.”