லெட்சுமி அக்காவும் சிவந்த வடிதாளும்

செய்தி வந்தபோது நான் கொழும்பில், வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கைக்காய்க்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். கைபேசியில் லெட்சுமி அக்காவின் மகள் சுகந்தி. "மிஸ், அம்மா இன்னைக்குக் காலைல தவறிட்டாங்க. தூக்கத்துலயே போய்ட்டாங்க. மொதல்ல மிஸ்ஸுக்குத்தான் சொல்லணும்னு எப்பவோ சொல்லி வச்சிருந்தாங்க" என்றாள். நான் "ஓம் பிள்ளை, வாறன்" என்று மட்டும் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துக் கடைக்காரர் என்ன நடந்தது என்று சிங்களத்தில் கேட்டார். அக்கா இறந்துவிட்டார் என்றேன். கூடப்பிறந்தவரா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். திருத்த வேண்டும் என்று தோன்றவில்லை.

ஜிந்துப்பிட்டியில் அக்காவின் வீட்டுக்கு வந்திருந்தவர்களில் பாதிப்பேருக்கு அவரைக் கோயில் அன்னதானத்துக்குக் காய்கறி வெட்டுகிறவராகத்தான் தெரியும். எங்கள் ஆய்வுகூடத்து ஆட்களுக்கோ கண்ணாடிச் சாமான் கழுவுகிறவராகத் தெரியும். இரண்டும் சரிதான். ஆனால் யுத்த காலத்தில், ஒரு மழைமாதத்தில், அவர் செய்த காரியத்தை முழுதாக அறிந்தவர்கள் இப்போது நானும் இன்னும் இரண்டொருவரும்தான். அதனால் எழுதுகிறேன்.

மூலிகைகளைப் பரிசோதிக்கும் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் நாங்கள் வேலை செய்தோம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பட்டத்தையும் பட்டத்தைவிடப் பெரிய தலைக்கனத்தையும் கொண்டு வந்தவள். அக்கா எட்டாம் வகுப்போடு நின்று, நாட்கூலிக்கு வந்து சேர்ந்தவர். என்னைவிட ஆறு வயது மூப்பு. வெற்றிலை போடுவார், ஆனால் ஆய்வுகூடத்துக்குள் அல்ல. படிக்கட்டில் நின்று போட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். நான் ஒருநாள் அவசரத்தில் ஒரு குடுவையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுப் பாவிக்கப் போனேன். கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "கழுவாத போத்தல்ல கங்கைத் தண்ணிய ஊத்தினாலும் சாக்கடைதாங்க மிஸ்" என்றார். அன்று எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

என் ஆராய்ச்சி குப்பைமேனியைப் பற்றியது. சொறி சிரங்குக்கு நம் வீடுகளில் அரைத்துப் பூசுகிற அதே குப்பைமேனி. இலையை நிழலில் உலர்த்தி, பொடித்து, மதுசாரத்தில், அதாவது அல்ககோலில், ஊறவைத்து வடித்து, அந்தச் சாற்றில் தோய்த்த சிறு கடதாசி வட்டுகளைப் பற்றீரியா வளரும் தட்டில் வைப்போம். சாறு கிருமியைக் கொன்றால் வட்டைச் சுற்றி ஒரு தெளிந்த வளையம் தெரியும். வளையம் பெரிதானால் சாறு வலியது. இன்னொரு சோதனை, ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் சக்திக்கு: ஊதா நிறத் திரவமொன்றில் சாற்றைச் சேர்த்தால், சக்தி இருக்குமானால் ஊதா வெளிறி மஞ்சளாகும். பார்க்க அழகான சோதனை. அழகுதான் என்னைக் கவிழ்த்தது என்று பின்னால் விளங்கியது.

என் பதவி ஒரு வருடத்துக்கானது. ஆண்டு ஆய்வரங்கில் நல்ல முடிவொன்றை வாசித்தால் நீடிப்பார்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு. வீடு என்றால் எந்த வீடு? வடக்கிலிருந்து வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்த என்னைப் போன்றவர்களுக்குப் பொலிஸ் பதிவும் வேலைத்தலத்துக் கடிதமும்தான் கவசம். எந்தச் சோதனைச் சாவடியிலும் முதல் கேள்வி, "கொழும்பில் என்ன வேலை?" பதில் சொல்ல அந்தக் கடிதம் கைப்பையிலேயே இருக்கும். பதவி போனால் கடிதம் போகும். கடிதம் போனால் நானும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இலை மட்டக்குளியிலிருந்து வரும். அங்கே அக்காவின் தங்கை வீட்டுக்குப் பின்னால் இருந்த வெற்றுக்காணியில் இருவரும் பிடுங்குவோம். ஒருநாள் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். என் சாக்கைத் திறந்த ஆமிக்காரர் இலையைக் கையில் அள்ளி, இது என்ன என்றார். எனக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் அந்தக் கணமே பறந்துவிட்டது. அக்கா முன்னால் வந்து, சொறிக்கு மருந்து மாத்தயா என்று சிங்களத்தில் சரளமாகத் தொடங்கி, மழையில் பூட்ஸ் போட்டு நிற்கிறவர்களுக்கு விரலிடுக்கில் வருகிற சேற்றுப்புண் வரைக்கும் போய்விட்டார். அந்த ஆமிக்காரருக்கும் அந்தப் புண் இருந்திருக்கிறது. ஒரு பிடி இலையை எடுத்துக்கொண்டு எங்களை விட்டுவிட்டார். பஸ்ஸில் ஏறியதும் அக்கா, "நம்ம ஆராய்ச்சில மொதல் நோயாளி கெடைச்சிட்டாரு மிஸ்" என்றார். நான் சிரித்த சிரிப்பில் நடுக்கமும் பாதி.

ஆய்வுகூடத்தில் உலர்த்த இடமில்லை. கூரை ஒழுகியது. ஆகவே என் வீட்டுக்கார அன்ரியின் பல்கனியில், வெள்ளைச் சீலை விரித்து இலையைப் பரப்பினேன். முடிவுகள் வந்தன. வளையங்கள் நான் கனவிலும் எதிர்பாராத அளவு. ஊதாத் திரவம் சாறு பட்டவுடன் மஞ்சளானது. மதுசாரம் மட்டும் தோய்த்த வெறும் வட்டில் வளையமே இல்லை, ஆகவே மதுசாரத்தின் வேலையும் அல்ல. எங்கள் பகுதித் தலைவர், யாரையும் லேசில் மெச்சாதவர், தன் அறைக்குக் கூப்பிட்டுத் தேநீர் தந்தார். ஆய்வரங்கில் வாசிக்க என் பெயரைக் கொடுத்துவிட்டார். எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

ஆய்வரங்குக்கு மூன்று கிழமை இருக்கும்போது அக்கா கழுவும் தொட்டியடியிலிருந்து கூப்பிட்டார். என் சாறு இருந்த குடுவையில் சலவைச் சோடாத் தண்ணீர் ஊற்றியிருந்தார். தண்ணீர் இளஞ்சிவப்பாய் இருந்தது.

"மிஸ், இது ஆலாத்தித் தண்ணி நெறமுங்க."

நம் வீடுகளில் மாப்பிள்ளை பெண்ணுக்கு ஆலாத்தி எடுக்க மஞ்சளில் சுண்ணாம்பைக் கலப்பார்கள், தண்ணீர் சிவக்கும். அதைச் சொல்கிறார் என்று விளங்கியது. விளங்காதது போல இருந்தேன். அவர் விடவில்லை. நான் வடித்துவிட்டு எறிந்த வடிதாளை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார். தன் வெற்றிலைப் பையிலிருந்து விரல்நுனியில் சுண்ணாம்பு எடுத்து, தாளின் ஓரத்தில் தடவினார். தடவிய இடம் சிவந்தது.

"மஞ்ச இருக்குதுங்க மிஸ், இதுல."

"சில இலையள் தானாவே சிவக்கும் அக்கா. அது வேற ரசாயனம். உங்களுக்கு விளங்காது. நீங்கள் போத்தலைக் கழுவுங்கோ" என்றேன். அதோடு விட்டேனா? என் வேலையில் தலையிடுவதாகத் தலைவர் சேரிடம் சொல்லவேண்டி வரும் என்றும் சொன்னேன். நாட்கூலிப் பெண்ணுக்கு அதன் பொருள் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர் தொட்டியடிக்குத் திரும்பிப் போனார். இதை எழுத இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை எனக்கு முன்பே வந்து நின்றார். கையில் மட்டக்குளியில் அன்று பிடுங்கிய குப்பைமேனி. "சேருகிட்ட சொல்றதுன்னா சொல்லுங்க மிஸ். அதுக்கு முன்ன இதையும் ஒருக்காப் பாத்துருங்க" என்றார். இருவருமாகக் கசக்கி மதுசாரத்தில் ஊறவைத்து வடித்தோம். நானே சுண்ணாம்பு தடவினேன். தாள் பச்சையாகவே இருந்தது. இலை தானாகச் சிவக்கவில்லை.

மத்தியானமே வெள்ளவத்தைக்கு ஓடினேன்.

"அன்ரி, நான் காயப்போட்ட இலையைக் கழுவினனீங்களோ?"

"ஓம் பிள்ளை. நாய் பூனை நடந்த இடத்து இலையெல்லோ. மஞ்சளும் உப்பும் போட்டு வடிவா அலசித்தான் திரும்பக் காயவிட்டனான். சொறிக்கு மஞ்சள் இல்லாமல் ஆர் குப்பைமேனி பாவிக்கிறது? ஏன், மருந்து வேலை செய்யேல்லையோ?"

"நல்லா வேலை செய்துபோட்டுது அன்ரி. அதுதான் பிரச்சினை" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. ஒரு தேத்தண்ணி போட்டுத் தந்தார். அவர் என்மேல் இரக்கப்பட்டுக் கூடுதலாக ஒரு நல்ல காரியம் செய்தவர், அவரை எப்படி ஏசுவது?

மஞ்சள் படாத இலையில் எல்லாவற்றையும் மறுபடி செய்தோம். வளையம் இருந்தது, ஆனால் சிறுத்திருந்தது. ஊதா வெளிறியது, ஆனால் ஆற அமர வெளிறியது. பொய் இல்லை, ஆனால் யாரும் கைதட்டப்போகிற முடிவும் இல்லை. மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். பழைய முடிவையே வாசித்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்ற எண்ணம் எனக்கு வரவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். அக்கா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"தட்டு பொய் சொல்லாதுங்க மிஸ். சொன்னா நாமதான் சொல்லணும்" என்றார். பிறகு, "வெள்ளவத்த அம்மா கேட்டதும் நாயந்தானுங்க. எங்கூட்டுலயும் மஞ்ச இல்லாம யாரும் குப்பைமேனி அரைக்க மாட்டாங்க. ஏன் சேக்குறாங்கன்னு யாராச்சும் பாத்தாங்களா? தனி எல ஒரு வட்டு, தனி மஞ்ச ஒரு வட்டு, ரெண்டும் சேந்தது ஒரு வட்டு. வச்சுத்தான் பாப்பமே" என்றார்.

நான் தலையை நிமிர்த்தினேன். இரண்டு பட்டதாரிகளும் ஒரு தலைவரும் இருந்த ஆய்வுகூடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

அது மின்வெட்டுக் காலம். தட்டுகள் வளரும் சூட்டுப்பெட்டி நினைத்த நேரமெல்லாம் குளிர்ந்துவிடும். அக்கா போத்தல்களில் வெந்நீர் நிரப்பி, பழைய சேலைத் துணியைச் சுற்றி, தட்டுகளுக்கு நாற்புறமும் அடுக்கினார். கரண்ட் போகும்போதெல்லாம் மாற்றினார். பிறந்த பிள்ளைக்குக்கூட இவ்வளவு பார்க்கமாட்டார்கள் என்று நான் கேலி செய்தேன். "பிள்ளைன்னா அழுது கேக்கும். இது கேக்காதே மிஸ்" என்றார்.

அடுத்த நாள் காலையில் தட்டைத் திறந்தோம். தனி இலைக்கு ஒரு சின்ன வளையம். தனி மஞ்சளுக்கு ஒரு சின்ன வளையம். இரண்டும் சேர்ந்த வட்டைச் சுற்றி இரண்டையும் விழுங்கிவிட்டது போல ஒரு பெரிய வளையம், எதிர்ப்பக்கச் சுவரைப் பார்க்கும் அளவு தெளிவாக. அக்கா அளவுகோலை என்னிடம் தரவில்லை, தானே அளந்தார். மூன்று முறை அளந்தார். மறுபடி புதுத் தட்டுகளில் வைத்தோம், பிறகு இன்னொரு முறை வைத்தோம். ஒவ்வொரு முறையும் அதே கதை. மூன்றாம் முறை நான் அவரைக் கட்டிப்பிடித்துச் சுழன்றதில் ஒரு அளவுச்சாடி உடைந்தது. அதற்கும் திட்டு வாங்கினேன்.

தலைவரிடம் போய் முதல் முடிவு பிழை என்று சொல்வதுதான் கடினமாக இருந்தது. அவர் முகம் கறுத்தது. புதிய முடிவைப் பார்த்தபின் தெளிந்தது. ஆனால் கட்டுரையில் அக்காவின் பெயரைக் கண்டதும் அதை வெட்டப் பேனாவை எடுத்தார். கழுவுகிறவர்களுக்கு நன்றி கூறுவதுதான் வழக்கம், கடைசி வரியில் போடுங்கள் என்றார்.

"சேர், அவ இல்லையெண்டால் நான் மேடையில ஒரு பொய்யை வாசிச்சிருப்பன். நீங்கள் பக்கத்தில இருந்து கை தட்டியிருப்பியள்" என்றேன். வாய்த்துடுக்கு எனக்கு நன்மை செய்த மிகச் சில தருணங்களில் அதுவும் ஒன்று. அவர் அந்தப் பெயரை வெட்டவில்லை. பேனாவை மூடிவைத்தார்.

ஆய்வரங்கில் நான் வாசித்து முடித்ததும் முன்வரிசைப் பேராசிரியர் ஒருவர், மஞ்சள் இருப்பதை எந்தக் கருவியால் கண்டீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பின்வரிசையில் தன் ஒரே பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்காவைக் கையால் காட்டி, அவரிடம் கேளுங்கள் என்று சொல்லி, கேள்வியைத் தமிழிலும் சொன்னேன். மண்டபமே திரும்பியது. அக்கா எழுந்தார். கூச்சப்படவில்லை. வெற்றிலைப் பையைத் திறந்து, சுண்ணாம்பு டப்பாவை எடுத்து உயர்த்திப் பிடித்து, "இதாலங்க சேர்" என்றார். முதலில் சிரிப்பு, சிரிப்போடு எழுந்த கைதட்டல் நீண்டது. கேள்வி கேட்ட பேராசிரியர்தான் முதலில் எழுந்து நின்றார். என் பதவி நீடிக்கப்பட்டது. அக்காவுக்கு நிரந்தர நியமனமும் ஆய்வுகூட உதவியாளர் என்ற பெயரும் கிடைத்தன. அதன் பிறகு எந்தச் சாவடியிலும் என் கடிதத்துக்குப் பக்கத்தில் அவருடைய கடிதத்தையும் நீட்டினோம்.

நாங்கள் மருந்து ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. நம் வீட்டுப் பெண்கள் அறிந்திருந்த ஒன்றை ஒரு தட்டில் வைத்துக் கண்ணால் பார்த்தோம், அவ்வளவே. ஆனால் குண்டும் ஊரடங்குமாக இருந்த அந்த நாட்களில் நாங்கள் வென்றோம், நேர்மையாக வென்றோம்.

அவரிடமிருந்து எனக்கு எஞ்சியது என்ன என்று கேட்டால் ஒரு பழக்கத்தைச் சொல்வேன்: எனக்குச் சாதகமாக ஏதாவது வந்தால், மகிழுமுன் ஒருமுறை சந்தேகப்படுவது. இன்னும் ஒன்று இருக்கிறது. அந்தக் கட்டுரையின் பிரதி என் அலுமாரியில் இருக்கிறது. யார் பெயர் முதலில் என்று தலைவர் கேட்டபோது, கண்டவர் பெயர் முதலில் என்றேன். அதன்படியே அச்சாகியிருக்கிறது: முதலில் ச. லெட்சுமி, இரண்டாவதாக நான். எனக்குப் பின்னால் வந்த எத்தனையோ பேர் அதைப் படித்துவிட்டு, "டொக்டர் லெட்சுமி இப்ப எங்க இருக்கிறா?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஜிந்துப்பிட்டியில் இருக்கிறார் என்று மட்டும் சொல்வேன். ஒருவரையும் நான் திருத்தியதில்லை.