சுலோஜனா ரீச்சரின் தலைநகர் ரூட்

சோற்றுப் பானையின் மூடியை வினோதன் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தான். அவனுடைய அம்மா சுலோஜனா ரீச்சர், பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் அந்த மூடியைச் சுற்றி மார்க்கரால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். லிங்கநகர் வீட்டின் சாப்பாட்டு மேசை. ஞாயிற்றுக்கிழமை காலை. பிளேன்ரீ பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது.

"மூடியை ஆட்டாதை."

"நான் ஆட்டேல்லை. மூடி வட்டமில்லை அம்மா. ஒரு பக்கம் நெளிஞ்சிருக்கு."

"போர்த்துக்கேயர் என்ன நேரான ஆக்களே? நெளிஞ்சே இருக்கட்டும்."

இரண்டாவது வட்டம் ஒல்லாந்தருக்கு. இரண்டும் ஒன்றையொன்று வெட்டுகிற இடத்தில் இரு கூட்டத்துக்கும் பொதுவானவற்றை எழுதவேண்டும். அம்மா 'கறுவா' என்று எழுதினார். அதன் கீழே 'எங்கட கோட்டை' என்று எழுதினார்.

"கதிரை, அலுமாரி எண்ட சொல்லெல்லாம் எங்க போடுறது?" என்று வினோதன் கேட்டான்.

"அது போர்த்துக்கேயற்ற வட்டம். ஒல்லாந்தர் கந்தோரைத் தந்திட்டுப் போனவை. அவை இருக்கிறதுக்குத் தந்தவை, இவை வேலை செய்யிறதுக்கு."

அதன்பிறகு இருவரும் சேர்ந்து வேறொரு வேலையும் செய்யவில்லை. வியாழக்கிழமை காலை அவர் குசினியில் விழுந்தார். ஆசுபத்திரி வாசலுக்குப் போகும்போதே முடிந்திருந்தது. இதயம் என்றார்கள்.

வினோதன் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளுக்குப் பழுது பார்ப்பவன். அம்மா வரலாறு படிப்பித்தவர். ஒருவர் வேலையில் மற்றவருக்கு அக்கறை இருந்ததாகச் சொல்ல முடியாது. முப்பது வருடத்துக்கு மேல் அவர் நகரத்துப் பள்ளிக்கூடங்களில் படிப்பித்த முறை ஒன்றே ஒன்றுதான். அவர் சொல்லுவார், பிள்ளைகள் எழுதுவார்கள். ஒரு அரசன் பட்டத்துக்கு வந்து, குளம் கட்டி, செத்துப்போகும் வரைக்கும் வகுப்பில் ஒரு தலையும் நிமிராது.

ஓய்வு பெற்ற புதிதில் சந்தையில் ஒரு பழைய மாணவி அவரைக் கண்டு கையைப் பிடித்துக்கொண்டாள். "ரீச்சர், உங்கட பாடத்தாலதான் என்ர கையெழுத்துத் திருந்தினது," என்றாள். அம்மா வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வெண்டிக்காயை வெட்டத் தொடங்கியபோது சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த நாட்களில் ஒருநாள், மேசையில் கிடந்த வினோதனின் பழுது அறிக்கையை எடுத்துப் பார்த்தார்.

"இதென்ன, சூடை மீனே?"

"பழுதுக்குக் காரணம் தேடுற படம் அம்மா. தலையில பழுதை எழுதுறது. ஒவ்வொரு முள்ளிலயும் ஒரு காரணம். கேபிள், மோட்டர், உப்புக்காத்து, ஒப்பரேற்றற்ற பிழை."

அவர் தாளைத் திருப்பித் தரவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து திரும்பவும் பார்த்தார்.

"இவ்வளவு காலமும் இதை எனக்கு ஒருத்தரும் காட்டேல்லையே தம்பி," என்றார்.

அதோடு வீட்டு மண்டபம் போய்விட்டது. குறுக்கும் மறுக்கும் கயிறு கட்டினார். வெளியே கொடியில் உடுப்புக் காய்ந்தது, உள்ளே கவ்விகளில் அரசர்கள் தொங்கினார்கள். ஒப்பிட இரண்டு வட்டம், காரணத்துக்கு மீன்முள், நடந்த ஒழுங்குக்கு அம்புக்குறி போட்ட பெட்டிகள். மாலையில் பாடம் கேட்கப் பிள்ளைகள் வந்தார்கள். கடற்கரைப் பிள்ளைகள் மீன்முள்ளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதில சதையே இல்லையே ரீச்சர்," என்றார்கள். அவருக்கு அது பிடித்துவிட்டது. முள் என்றால் தலைப்பு, சதை என்றால் விளக்கம். முள்ளை மட்டும் எழுதினால் முள்ளளவு புள்ளிதான் என்று சட்டம் போட்டார்.

றிகாஸ் வந்தது பிந்தித்தான். கிண்ணியாக்காரன், முப்பது கடந்தவன். பஸ் நிலையத்தடியில் ஓட்டோ ஓடுபவன். ஒருநாள் அம்மா மரக்கறிப் பையோடு ஏறியபோது, ரீச்சர் என்று அறிந்து, என்ன பாடம் என்று கேட்டிருக்கிறான். வரலாறு என்றதும் ஓட்டோவை ஓரங்கட்டிவிட்டான்.

"என்னக் கவுத்த பாடம் அதுதான் ரீச்சர்."

ஒரு திணைக்களத்தில் சாரதி வேலை இருந்தது. அதற்குக் கேட்கிற ஓ.எல். பரீட்சையில், பதினோராம் வகுப்புச் சோதனையில், அவனுக்கு வரலாறு மட்டும்தான் குறை. அடுத்த வருடம் அந்த வேலைக்கான வயதெல்லை தாண்டிவிடும். ஆகவே இந்த முறை சித்தியடையவேண்டும், இல்லாவிட்டால் காலம் முழுக்க ஓட்டோதான்.

ஹயர் இல்லாத நேரமெல்லாம் ஸ்டாண்டில் புத்தகம் வாசித்தான். ஒன்றும் தங்கவில்லை. அம்மா மீன்முள் வரைந்து காட்டினார். "ரீச்சர், நான் மீன்காரன் இல்ல, ஓட்டோக்காரன்," என்றான். ஆனால் ஒருதரம் போன வீட்டை அவன் பிறகு மறப்பதில்லை. அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். நாலு கலண்டர் தாளை ஒட்டி, அநுராதபுரத்திலிருந்து கோட்டே வரைக்கும் அரசர்களின் தலைநகரங்களை பஸ் தரிப்பிடம் மாதிரி வரைந்து, ஒன்றிலிருந்து அடுத்ததுக்கு அம்பு போட்டார்.

றிகாஸ் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ரீச்சர், தம்பதெனியா கீழ இரிக்கி. யாப்பகூவ மேல. பொறகு திரும்பவும் குருநாகலுக்கு எறங்குறாங்க. இந்த ஹயர எவன் புடிச்சான்?"

"அரசன்."

"ஆளுக்கு ரூட் தெரியாதா?"

"தெரியும். தெரிஞ்சும் ஏன் மேல போனவன்? அதைத்தான் அந்த அம்பில எழுதவேணும்."

"ஆரும் தொரத்தியிரிக்கணும். யாப்பகூவ மல ரீச்சர், நான் போயிரிக்கன். மேல நிண்டா வாறவன் எல்லாரையும் காணலாம்."

"எழுதும்," என்றார் அம்மா. உள்ளறையில் மடிகணினியோடு இருந்த வினோதனுக்கு அவருடைய குரலிலேயே விளங்கியது, அன்றைக்கு இரவுச் சாப்பாடு பிந்தும் என்று.

ஒரு தொல்லை இருந்தது. றிகாஸ் எங்கும் குறுக்குவழி தேடுகிறவன். மாதிரிப் பரீட்சை வைத்தபோது பொலன்னறுவையிலிருந்து நேரே கோட்டேக்கு ஒரு அம்பு விட்டிருந்தான்.

"இடையில இருந்த ஊரெல்லாம் எங்க?"

"ட்ராஃபிக் ரீச்சர். பின்னால ஒரு ரோட்டால வந்திட்டன்."

"பரீட்சைத் தாளில பின் ரோட்டு இல்லை. காரணம் எழுதாத அம்பில ஒரு வாகனமும் ஓடாது. முதல்ல இருந்து வாரும்."

அவன் முதலில் இருந்து வந்தான். பொலன்னறுவை அம்பில் 'மாகன் படையோட வந்தான்' என்று எழுதினான். அடுத்த அம்புகளும் ஒவ்வொன்றாய் நிரம்பத் தொடங்கின. மாதிரிப் பரீட்சையில் புள்ளி ஏறியது. அம்மா விழுந்த அந்த வியாழக்கிழமை வந்தபோது ஓ.எல். பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

செத்த வீடு முடிந்த மறுநாள் வினோதன் தன் தொழில் முறைப்படி ஒரு மீன்முள் வரைந்தான். முட்களில் பிரஷர், குளிசை, வெயில், உப்பு என்று வந்தது. தலையில் எழுதவேண்டியதை எழுத ஏலவில்லை. தாளை மடித்து வைத்தான்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு கழிந்து இரண்டொரு நாளில் றிகாஸ் வந்தான். ஓட்டோவை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றான்.

"அண்ணன், அடுத்த கிழம சோதின. ரீச்சர்ட ரூட்ட ஒருக்கா பாக்கலாமா? உங்களுக்கு அது வேணுமெண்டா நான் போட்டோ மட்டும் எடுக்கன்."

"உள்ள வாங்கோ," என்றான் வினோதன். கயிறுகளை அவன் இன்னும் அவிழ்க்கவில்லை. நாலு தாள் நீளமான படத்தைக் கழற்றி மேசையில் விரித்தான். பழுது தேடிப் பழகிய கண். ஒவ்வொரு இணைப்பாய்ப் பார்த்துக்கொண்டு போய் ஓரிடத்தில் நின்றது. குருநாகலிலிருந்து கம்பளைக்குப் போகிற அம்பில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"இது நீங்கள் எழுத மறந்ததோ?"

"இல்ல அண்ணன். அது ரீச்சருக்கே சரியா வெளங்கல்ல எண்டாங்க. புத்தகத்தில இரிக்கிறது போதாதாம். உப்புவெளியில இரத்தினசிங்கம் சேர் எண்டு ஒராள், ரீச்சரோட படிப்பிச்சவராம். வெள்ளிக்கிழம போய் அவர்ட்ட கேட்டுக்கிட்டு வாறன் எண்டாங்க."

வெள்ளிக்கிழமை உப்புவெளிக்குப் போகவேணும் என்று அம்மா தன்னிடமும் சொன்னது வினோதனுக்கு நினைவு வந்தது. கோயிலுக்காக்கும் என்று நினைத்து, ஏனென்று கேட்காமல் விட்டிருந்தான்.

"அந்தக் கேள்வி வந்தா?" என்றான்.

"வந்தா எனக்குப் பின் ரோட்டுத்தான். ரீச்சர் அதுக்குப் புள்ளி போட மாட்டாங்க. சோதினக்காரனும் போட மாட்டான்." றிகாஸ் சிரிக்கப் பார்த்தான். "சேர்ட வீடு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. எனக்கு வரலாறும் தெரியாது. போய் என்னெண்டு கேக்கிறது?"

"ரீச்சர் கேக்க இரிந்ததத்தான். உப்புவெளியில விசாரிச்சா வீட்டக் காட்டுவாங்க. வாங்க அண்ணன், வெயில் ஏற முந்திப் போவம்."

வினோதன் படத்தைச் சுருட்டிக்கொண்டு ஓட்டோவின் பின் சீற்றில் ஏறினான். வழியெல்லாம் அந்தக் கேள்வியை மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். குருநாகல் நல்லாய்த்தானே இருந்தது, பிறகு ஏன் அவ்வளவு தூரம் மலைக்குள்ளே, கம்பளைக்குப் போனவை? அம்மா இருந்திருந்தால் அந்த வெள்ளிக்கிழமையே இதைக் கேட்டுக்கொண்டு வந்திருப்பார். படத்தை மேசையில் விரித்து, மார்க்கரின் மூடியைப் பல்லால் கழற்றி, அந்த அம்பின் மேலே எழுதியிருப்பார்.