போய்ட்டு வாரேன் சொல்லாத வீடு

நான் குடியிருக்கும் கட்டடத்தில் ஒரு லிஃப்ட் இருக்கிறது. காலையில் ஏறினால் உள்ளே நிற்கிறவர் என் முகத்தைப் பார்க்கமாட்டார். நானும் பார்க்கமாட்டேன். கதவுக்கு மேலே மாறுகிற எண்களை, பரீட்சை ரிசல்ட் பார்ப்பது போல இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இறங்குவோம். கீழே வந்து கதவு திறந்ததும், அதுவரை ஊமையாக நின்ற மனுசன் ‘ட்ச்சூஸ்’ என்பார். ஜெர்மன் மொழியில் போய்வருகிறேன் என்று பொருள். வந்தபோது ஒரு வார்த்தை இல்லை, போகும்போது மட்டும் விடை. கடையில் சில்லறை வாங்கினால் ட்ச்சூஸ். ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது, பல்லைப் பிடுங்கி வாய் வீங்கிப்போய் வெளியே வருகிறவர்கூட முன்பின் தெரியாத எங்கள் எல்லோருக்கும் ஒரு ட்ச்சூஸ் சொல்லிவிட்டுத்தான் போவார்.

வந்த புதிதில் இது எனக்குப் பெரிய வேடிக்கை. எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கத்தில் சொல்லாமல் எழுந்து போகிற இடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது கேத வீடு. சாவு விழுந்த வீட்டுக்கு வருகிறவர்களை யாரும் ‘வாங்க’ என்று அழைக்கமாட்டார்கள். பெண்கள் வந்த வேகத்தில் கட்டிப்பிடித்து அழுவார்கள். ஆண்கள் கையை நீட்டுவார்கள், வீட்டுக்காரர் தொட்டு விடுவார், அவ்வளவுதான் பேச்சு. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ‘போய்ட்டு வாரேன்’ சொல்லாமல் போய்விடுவார்கள். அப்படிச் சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவேன் என்று ஆகிவிடும். ஒரு நாடு முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிற வார்த்தையை எங்கள் ஊர் ஒரே ஒரு வீட்டில் மட்டும் தடைசெய்து வைத்திருக்கிறது.

அடுத்து என் குரலைப் பற்றிச் சொல்லவேண்டும். எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்தில் பருத்திக் காட்டிலும் கடலைக் காட்டிலும் கூலிக்குப் போன குடும்பம் எங்களுடையது. இந்தப் பிஞ்சைக் காட்டில் நின்று அந்தப் பிஞ்சையில் நிற்கிற ஆளிடம் குடும்ப விஷயம் பேசிப் பழகிய தொண்டை. அந்தத் தொண்டையை எடுத்துக்கொண்டுதான் நூற்பாலை மிஷின்களுக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு ஜெர்மன் கம்பெனிக்கு வந்தேன். ஒருநாள் மீட்டிங்கில் டீட்டர் என்ற சக ஊழியர் ஒரு யோசனை சொன்னார். நல்ல யோசனை. எனக்குப் பிடித்துப்போய், மேஜையில் ஒரு தட்டுத் தட்டி, அவர் சொல்வது முழுக்கச் சரி என்று ஆதரித்துப் பேசினேன். மறுநாள் மேலதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். நான் டீட்டரை மிரட்டினேனாம். அறையில் இருந்தவர்கள் பயந்துபோனார்களாம். ‘அவரை ஆதரித்துத்தானே பேசினேன்’ என்று விளக்கினேன். அந்த விளக்கமும் மிரட்டல் கணக்கிலேயே சேர்ந்துவிட்டது. கடைசியில், கோபத்தையும் பதற்றத்தையும் கையாளப் பழக்குகிற வகுப்புக்குப் போகச் சொன்னார்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம். போனேன்.

வகுப்பு எடுத்தவர் சபீனா. அவர் பேசினால் பஞ்சு விழுகிற சத்தம்தான் கேட்கும். மூளைக்குள்ளே அமிக்டலா என்று ஒன்று இருக்கிறதாம், பாதாம்பருப்பு அளவில். ஆபத்து என்று நினைத்தால் அது முதலில் மணியடித்துவிடும். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற யோசிக்கிற மூளை, பின்னால்தான் மூச்சு வாங்க ஓடிவரும். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தே நெற்றிக்குள் நடக்கிறது என்று புரிந்துகொண்டேன். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டால் மணி அடங்கும். வருகிற உணர்ச்சிக்கு ஒரு பேர் வைத்தால் இன்னும் அடங்கும். அதற்குப் பிறகு ஸ்டோயிக் என்ற பழைய தத்துவக்காரர்களைக் கொண்டுவந்தார். அவர்களில் ஒருவர் ரோமாபுரி ராஜாவாம், இன்னொருவர் அடிமையாக இருந்தவராம், இரண்டு பேரும் ஒரே பாடத்தைத்தான் சொன்னார்களாம்: உன் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரி, இல்லாததை விடு.

வானம் பார்த்த பூமியில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா என்று முதலில் சிரித்தேன். மழை நம் கையில் இல்லை என்று என்னைப் பெத்த அய்யாவுக்குத் தெரியாதா? ஆனால் அய்யா அதை விடமாட்டார். விதைத்துவிட்டு வரப்பில் நின்று, மேகத்தை அதன் அம்மாவோடு சேர்த்து வைவார். அது ஸ்டோயிக் கணக்கில் வராது.

பொய் சொல்லக்கூடாது, வகுப்பு வேலை செய்தது. வேலை தப்பித்தது. ரத்தக்கொதிப்பு இறங்கியது. என் மனைவி செல்விக்குத்தான் கொஞ்சம் வருத்தம். “இப்பல்லாம் ஒங்ககூட சண்டை போட்டா, பேங்க் மேனேஜர்கிட்ட போடுற மாதிரி இருக்குங்க. நீங்க பாட்டுக்கு தலைய ஆட்டிட்டு ஃபைல மூடிர்றீக” என்றாள். நான் நிதானமாகத் தலையை ஆட்டினேன்.

அந்த நிதானத்தின் உச்சத்தில் இருந்தபோதுதான் அய்யா செத்துப்போனார். கடலைக் காட்டிலிருந்து வந்து தண்ணி கேட்டவர், சொம்பு கைக்கு வருவதற்குள் சாய்ந்துவிட்டார். என் குடியிருப்பு அட்டை அப்போது புதுப்பிக்கப் போயிருந்தது. அது கையில் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி உள்ளே வருவது உறுதியில்லை. செல்விக்கு வேலை இல்லை, மகள் படிப்பு பாதியில். விசாரித்த இடமெல்லாம் காத்திருங்கள் என்றார்கள். வீடு என்னுடையதுதான், சாவியும் என் பையில்தான், ஆனால் நான் வெளியே போகமுடியாது. அய்யாவின் சாவை ஃபோனில்தான் பார்த்தேன். யாரோ தூக்கிப் பிடித்த ஃபோனில் பாதி நேரம் பந்தலின் கூரைதான் தெரிந்தது. அக்கா பாண்டியம்மாவின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. நான் மூச்சை நீளமாக விட்டேன். பேர் வைத்தேன்: ‘ட்ராவர்.’ துக்கத்துக்கு ஜெர்மன் வார்த்தை. என் கையில் இல்லாதது என்று பிரித்தேன். மணி அடங்கிவிட்டது. சுவர் மெல்லிசு, பக்கத்து வீட்டில் பச்சைக் குழந்தை. அழுதால் போலீஸ் வரும் என்ற பயமும் உதவியது.

அட்டை வந்தபோது மாதங்கள் ஓடியிருந்தன. கிளம்பிப் போனேன். மதுரையில் இறங்கியதும் அக்கா வீட்டுக்காரர் கருப்பசாமி மச்சான் காரோடு நின்றார். காரியாபட்டி தாண்டியதும் ஆரம்பித்தார்.

“மாப்ள, தெரு முக்குலயே சத்தங் கொடுத்துரு.”

“என்ன சத்தம் மச்சான்?”

“என்ன சத்தம்னா? ஏலே, ஜெர்மனியில காதையும் கழட்டி வாங்கிக்கிட்டானுகளா? அழுகுற சத்தம்டா. நீ வந்து எறங்குறப்ப அழுகணும்னு ஒங்கக்கா தலமுடியக்கூட அள்ளி முடியாம ஒக்காந்துருக்கா. தெருப் பொம்பளைகளுக்கும் சொல்லி வச்சாச்சு.”

சாவுக்கு வராதவன் முதன்முதலாக வீட்டுக்கு வருகிறபோது கேதம் திரும்பவும் நடக்கும். அது எனக்குத் தெரியாததில்லை. தெரிந்ததால்தான் பதற்றம் வந்தது. பதற்றம் வந்ததால் பழக்கப்படி மூச்சை நீளமாக விட்டேன். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் ஓட, வழி நெடுக விட்டுக்கொண்டே வந்தேன். வாசலில் இறங்கியபோது குளத்துத் தண்ணீர் மாதிரி இருந்தேன்.

அக்கா தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். “எங்கய்யா… ஏரோப்ளேனு ஏறிப் போன ஒங்க மகன் எறங்கி வந்து நிக்கானே, எந்திரிச்சு வந்து பாருங்கய்யா…” என்று என் கழுத்தைக் கட்டினாள். பின்னால் தெருப் பெண்கள் சேர்ந்தார்கள். அக்காவின் நெஞ்சு அடித்துக்கொள்வது என் நெஞ்சில் தெரிந்தது. அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்துபோனேன். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். அவள் தோளைப் பிடித்து நிறுத்தி, சபீனாவின் குரலில் சொன்னேன்:

“அக்கா, மெதுவா. மூச்ச உள்ள இழு. நாலு எண்ணிக்கிட்டே வெளிய விடு.”

அக்கா நின்றாள். பின்னால் இருந்தவர்களும் நின்றார்கள். ஒப்பாரி பாதியில் அறுந்து விழுந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

“எதுக்கு எண்ணணும்?” என்றாள் அக்கா. நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

“என்னத்தா இது, ஊசி போட வந்த நர்ஸம்மா மாதிரில பேசுறான்” என்று கூட்டத்தில் ஒரு குரல்.

அக்கா என் முகத்தை நெருக்கமாகப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, “வாங்க தம்பி, உள்ள வாங்க” என்றாள். கேத வீட்டில் வருகிறவரிடம் சொல்லவே கூடாத வார்த்தை. அதையும் மரியாதைப் பன்மையில் சொன்னாள்.

அம்மா எப்போதோ போய்விட்டாள். இப்போது அய்யாவும் இல்லை. ஊர் என்று எனக்கு மிச்சம் இருந்தது அந்த அக்கா ஒருத்திதான். அவள் என்னை விருந்தாளி ஆக்கிவிட்டாள். இருந்த நாளெல்லாம் வாழை இலையில் சோறு, குடிக்கக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், “போதுமாங்க?”, “ஃபேன் போடவாங்க?” அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில், எனக்காக அவள் தனியாக ஒரு ஜெர்மனி கட்டி உள்ளே உட்காரவைத்தாள். வெளியே வர வழி ஒன்றுதான்: அழவேண்டும். எனக்கு அழுகை வரவில்லை.

முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு மத்தியானம் அய்யா கூலிக்குப் போன பிஞ்சைக்குத் தனியாகப் போனேன். வரப்பில் உட்கார்ந்து, சுற்றிலும் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, “அய்யா…” என்று சத்தமாக ஆரம்பித்தேன். குரல் நன்றாகத்தான் வந்தது, கண்ணீர்தான் கூட வரவில்லை. ரோட்டில் போன ஷேர் ஆட்டோ நின்றது. “அண்ணே, கூப்ட்டீகளா? அருப்புக்கோட்டையா, இங்கிட்டா?” என்று டிரைவர் கேட்டார். இல்லை என்று கையை ஆட்டி அனுப்பினேன். ஏறிப் போயிருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

கிளம்புகிற அன்று பழக்கதோஷத்தில் “போய்ட்டு வாரேங்க்கா” என்றேன். சொல்லக்கூடாது என்று அவள் என் வாயைப் பொத்துவாள் என்று ஒரு நப்பாசை. “நல்லபடியா போய்ட்டு வாங்க” என்றாள்.

திரும்பி வந்து சபீனாவிடம் நடந்ததைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். “அழாதே என்று நான் சொல்லவில்லையே. உணர்ச்சியைக் கவனி என்றுதானே சொன்னேன்?” என்றார். உண்மைதான். அவர் கவனிக்கச் சொன்னார், நான் வாட்ச்மேன் போட்டுவிட்டேன். பிறகு அவர் அக்கறையோடு, “உங்கள் அக்கா அவ்வளவு சிரமப்படுகிறார் என்றால், அவருக்கும் இணையவழி வகுப்பு இருக்கிறது” என்றார். மூச்சை நீளமாக விட்டேன்.

அக்கா ஃபோன் எடுப்பதை நிறுத்திவிட்டாள். மச்சான்தான் எடுப்பார். “அவ மாட்டோட நிக்கா மாப்ள.” அவர்களிடம் இருந்தது ஒரே மாடு. அக்கா அதோடு நின்ற நேரத்தில் அது பேசவே பழகியிருக்கும்.

போன வாரம் சனிக்கிழமை. சூப்பர்மார்க்கெட் வாசலில் காரை நிறுத்திவிட்டு, மழை விடட்டும் என்று உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். மச்சான் கூப்பிட்டார். அய்யாவுக்கு வருசம் திரும்புகிறது, சாமி கும்பிடுகிறோம், படத்துக்கு மாலை போட்டாச்சு என்றார். பேசிக்கொண்டே இருந்தவரை யாரோ கூப்பிட, ஃபோனை அணைக்காமல் எங்கேயோ வைத்துவிட்டுப் போனார். பாத்திரச் சத்தம், யாரோ தும்முகிற சத்தம். பிறகு அக்கா ஆரம்பித்தாள். எங்கள் பக்கத்து ஒப்பாரியில் செத்தவரை மட்டும் பாடுவதில்லை. உயிரோடு இருக்கிறவர்களை ஏசுவதற்கும் அதுதான் இடம். யாரும் எதிர்த்துக் கேட்கமுடியாது.

“ஒத்த மகன் பெத்தீகளே… ஊருவிட்டுப் போனானே… வந்து நின்ன வாசலில ஒத்தச் சொட்டு விடலையே… மூச்ச எண்ணச் சொன்னானே, மூதேவி… அய்யா மூச்சு நின்னப்ப எங்கடா போன, முண்டப் பயலே…”

முண்டப் பயலே. ‘தம்பி, வாங்க’ இல்லை. ‘போதுமாங்க’ இல்லை. இத்தனை மாதங்களுக்குப் பிறகு அக்கா என்னை ஏசினாள். மணி அடித்தது. வாட்ச்மேன் எங்கே போனானோ தெரியாது. என் தொண்டையிலிருந்து, ஒரு பிஞ்சையில் நின்று மறு பிஞ்சைக்குக் கூப்பிடுகிற அந்தப் பழைய சத்தம் வந்தது. ஸ்டீயரிங்கில் தலையை முட்டிக்கொண்டு, மேகத்தை வைகிற அய்யாவைக் கூப்பிட்டு அழுதேன்.

அங்கே ஒப்பாரி நின்றது. “ஏய், ஃபோனுல யாரு?”

“நாந்தான்க்கா.”

“அழுகுறியா?”

“ஆமாக்கா.”

“அழு. நல்லா அழு. எண்ணாம அழு” என்றாள். அவள் குரலும் சேர்ந்துகொண்டது.

கார்க் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். தள்ளுவண்டி நிறையச் சாமானோடு ஒரு வயதான அம்மா மழையில் நின்றார். கண்ணாடியைப் பாதி இறக்கினேன். “அல்லெஸ் கூட்?” என்றார். எல்லாம் நலமா என்று கேட்கிறார். நலம் என்று சொல்வதுதான் இந்த ஊர் வழக்கம், கால் ஒடிந்து கிடந்தாலும். எனக்கு வரவில்லை. அப்பா இறந்துவிட்டார் என்றேன்.

“இன்றைக்கா?”

“போன வருஷம்.”

அவர் குழம்பிப்போனார். அதற்குள் அக்கா, “யாருடா அது?” என்றாள்.

“ஒரு அம்மாக்கா. மழையில நிக்கிறாக.”

“கேதத்துக்கு வந்துருக்காகளா? வந்தவுகள வெறுங்கையோட நிக்க வைக்காதடா. கையத் தொட்டு விடு.”

அந்த அம்மாவின் கை, பாதி இறங்கிய கண்ணாடியின் விளிம்பில் இருந்தது. தொட்டேன். ஈரமாக, சில்லென்று இருந்தது. அவர் இழுத்துக்கொள்ளவில்லை. மடியில் கிடந்த ஃபோனிலிருந்து அக்காவின் குரல் ஏறிக்கொண்டே இருந்தது. என்ன நடக்கிறது என்று அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் அது முடிகிறவரை நின்றார். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். ட்ச்சூஸ் சொல்லவில்லை.

கண்ணாடியை ஏற்றினால் அக்காவின் குரல் என்னோடு காருக்குள் அடைபடும். முழுசாக இறக்கினால் இந்த ஊருக்குக் கேட்கும். பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு தோள் மட்டும் நனைந்துகொண்டிருந்தது.