இடது முன் சக்கரமும் எங்கள் ஜெபமாலையும்

இன்று காலை ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், மெக்கானிக் பாண்டித் தம்பி, ஜாக்கி மேல் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்ற எங்கள் கார்.

(காரையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். நோயாளியே அதுதான்!)

பயப்பட வேண்டாம், நல்ல செய்திதான். ஆண்டவருக்கு நன்றி.

போன மாதம்தான் இந்த செகண்ட் ஹேண்ட் காரை வாங்கினோம். மன்னவனூர் தாண்டிப் பூண்டியில் வாழ்க்கைப்பட்ட என் மகள் செல்விக்கு இது எட்டாவது மாதம். தலைப்பிரசவத்துக்குக் கொடைக்கானலுக்கு, எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். மருமகனிடம் இருப்பது பூண்டு மூட்டை ஏற்றும் ஜீப். பிள்ளை அதில் குலுங்கி வர வேண்டாம் என்றுதான் இந்தக் காரே!

வெள்ளிக்கிழமை போகிறோம்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். மலைப்பாதையில் ஏறினாலும் இறங்கினாலும் முதல் வளைவிலேயே ஜெபமாலை ஆரம்பமாகிவிடும். அவர் கோயிலில் வாசகம் வாசிப்பவர். மைக் இல்லாமலே கடைசி பெஞ்ச் வரைக்கும் கேட்கும் குரல்! முதல் பாதி அவர், மறுபாதி நான். ஒரு மாதமாக அப்படித்தான் போய் வந்தோம்.

"பாத்தியா, சத்தமே இல்லாத வண்டி" என்று அவருக்கு ஒரே பெருமை.

போன சனிக்கிழமை வத்தலக்குண்டில் அவருக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். திரும்பும்போது வாய் நிறையப் பஞ்சு. பேசக் கூடாது. அதனால் நான் மட்டும் மனதுக்குள் ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தேன்.

கடக்!

வலது பக்கம் திரும்பும் வளைவு அது. அடுத்த வலது வளைவிலும் கடக்!

"என்னங்க, கேட்டுச்சா?"

"ம்ம்ம்."

"கேட்டுச்சா இல்லையா?"

"ம்ம்ம்ம்!"

(பஞ்சுக்குள்ளிருந்து வந்த அதற்கு 'சும்மா வா' என்று பொருள். இருபத்தெட்டு வருட அனுபவம்.)

மறுநாளிலிருந்து பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட ஆரம்பித்தேன். பல் ஆறிய பிறகும் காருக்குள் அவரைச் சத்தமாக ஜெபிக்க விடவில்லை. மூன்று நாள் கணக்கு இது: வலது வளைவில் பதினொன்று. இடது வளைவில் ஒன்று. பள்ளத்தில் பிரேக் பிடித்தபோது நான்கு. நேர் ரோட்டில் ஒன்றுமே இல்லை.

"மலையில ஓடுற வண்டின்னா சத்தம் போடத்தான் செய்யும். பழசை வாங்கிட்டு புதுசு மாதிரி இருக்கணும்னா எப்படி? பெரிய இன்ஜினியரு, நோட்டு வேற!"

"நீங்களும் நானும் போறதுன்னா சரிங்க. பின்சீட்டுல செல்வில்ல உக்காரப் போறா?"

இன்று காலை அவரே வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு விட்டார்.

பாண்டித் தம்பி கேட்டவுடன் சொல்லிவிட்டார். "ஷாக் அப்சார்பர் போயிருக்கும்க்கா. ரெண்டையும் மாத்திருவோம். வெரசா முடியுற சோலிதான்."

நான் பானெட்டின் இடது ஓரத்தை அமுக்கிவிட்டேன். ஒரே தடவை எழும்பி அப்படியே நின்றது.

"ஷாக் போயிருந்தா தொட்டில் மாதிரி ஆடிக்கிட்டே இருக்கும்ல தம்பி?"

தம்பி என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார்!

"யக்கா, எங்கக்கா தொழில் படிச்சீங்க?"

"அடுப்படியில. ஒரு பக்கம் சாம்பாரு, ஒரு பக்கம் போன்ல வீடியோ."

சிரித்துவிட்டு நோட்டை வாங்கிப் படித்தார். பிறகு சிரிக்கவில்லை. வலது பக்கம் திரும்பினால் பாரம் இடது சக்கரத்தில் விழும். அதனால் இடது முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். டொக், டொக்.

"பேரிங்க்கா."

"பிரேக்கை மிதிச்சுக்கிட்டு ஒருதரம் ஆட்டிப் பாருங்க தம்பி. ஆட்டம் நின்னா பேரிங்கு. நிக்கலைன்னா வேற ஏதோ."

வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். டொக், டொக். நிற்கவில்லை!

தம்பி டார்ச்சோடு கீழே போனார்.

"அண்ணே, எறங்கி வாங்க. இதைப் பாருங்க."

பால் ஜாயிண்ட். நம் இடுப்பு மூட்டு மாதிரி, கிண்ணத்துக்குள் ஒரு உருண்டை. சக்கரத்தைக் கீழே பிடித்துவைத்திருப்பதே அதுதான். ரப்பர் கிழிந்து, கிரீஸ் போய், உள்ளே மண் ஏறியிருந்தது.

"லொடலொடன்னு கெடக்குண்ணே. பூண்டி ரோட்டுப் பள்ளத்துல ஒரு குத்து விழுந்திருந்தா கழண்டுருக்கும். சக்கரம் மடிஞ்சு படுத்துரும். அப்புறம் ஸ்டியரிங்கப் பிடிச்சு என்ன செய்ய?"

என் வீட்டுக்காரர் அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"மூணு நாளா சொன்னியே" என்றார். அவ்வளவுதான். நானும் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. (சொல்லியிருக்கலாம்!)

வலது பக்கத்துக்கும் அதே வயதுதானே என்று இரண்டு பக்கமும் மாற்றச் சொன்னோம். மதியம் சக்கரங்களை நேராக்கும் அலைன்மென்டும் முடிந்தது. பெருமாள்மலை வரை இறங்கி ஏறிப் பார்த்தோம். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. வலது வளைவு வரும்போதெல்லாம் நான் ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்தேன்.

ஒன்றுமில்லை. எஞ்சின் சத்தம், காற்று, அவ்வளவுதான்!

ஊருக்குள் நுழைகிற கடைசி வளைவில் அவர் பழையபடி உரத்த குரலில் ஜெபமாலையை ஆரம்பித்தார். என் பாதியை நான் மெதுவாகத்தான் சொன்னேன், ஒரு காது இன்னும் சக்கரத்தில்.

ஒரு மாதமாக, 'எங்கள் பிள்ளையைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேருங்கள்' என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தோம். மாதாவும் வளைவுக்கு வளைவு பதில் சொல்லிக்கொண்டேதான் வந்திருக்கிறார். நாங்கள்தான் பேச்சை நிறுத்தவில்லை.

(பல் வைத்தியருக்கும் சேர்த்து நன்றி!)

பூண்டி, கிளாவரை, போளூர் பக்கம் இருக்கிற நட்புகளே, இந்த மழைக்குப் பிறகு மன்னவனூர் தாண்டி ரோடு எப்படி இருக்கிறது? பெரிய பள்ளம் எங்கெங்கே? நாளை சாயங்காலத்துக்குள் பதில் போடுங்கள். வெள்ளிக்கிழமை வெள்ளனே கிளம்புகிறோம்.