குழவிக்குள் இருந்த பொன்

எண்பதுகளின் தொடக்கத்தில் வரிச்சிக்குடியில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். பாடத்தில் தீப்பாறை வந்தது. பூமிக்கு அடியில் நெருப்புக் குழம்பாகக் கிடந்தது ஆறி இறுகிக் கல்லானது என்று நடத்திவிட்டு, "நாளைக்கு ஆளுக்கொரு கல் கொண்டு வாங்க" என்றேன். எங்கே தோண்டினாலும் களிமண் வருகிற ஊரில் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாள் மேசையில் செங்கல் துண்டுகள் பதினொன்று, இறுகிப்போன சிமெண்டுக் கட்டி ஒன்று, ஒரு பொட்டலம் கல்லுப்பு. கடைசியாக ஒரு சிறுமி, தங்கையை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, துண்டில் சுற்றிய அம்மிக்குழவியைத் தூக்கி வந்தாள்.

எனக்கு வாயெல்லாம் பல். அசல் கருங்கல்! குழவியை ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டி, "மினுமினுன்னு இருக்கு பாருங்க, இது ஒரு கனிமம். பேரு காக்காப்பொன்" என்றேன்.

பாடம் முடிவதற்குள் சிறுமியின் அம்மா வாசலில் நின்றார். கையெல்லாம் மஞ்சள்.

"டீச்சர், எங்க கொழவி இங்க வந்துச்சா? மொளகாயையும் மஞ்சளையும் அம்மியில வச்சுட்டு வீடு பூரா தேடுறேன்."

மன்னிப்புக் கேட்டு, அது நெருப்பில் பிறந்த கல் என்பதையும் சொல்லிவைத்தேன்.

"அதான் அரைச்சா கை இந்த எரி எரியுதா?" என்று குழவியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த நாள் காலையில் நான் வருவதற்கு முன்பே அவர் வந்திருந்தார். கூட இன்னும் இரண்டு பெண்கள். மூவர் இடுப்பிலும் குழவி.

"உள்ள பொன்னு இருக்குன்னு சொன்னீங்களாமே டீச்சர். ஒடைச்சா வருமா, காய்ச்சணுமா?" என்று கேட்டார் கூட வந்தவர்களில் ஒருவர்.

காக்காப்பொன் என்பது வெறும் பெயர், தங்கம் இல்லை என்று விளக்கினேன். கோபப்படுவார்கள் என்று பயந்தேன். சிறுமியின் அம்மா மற்ற இருவரையும் பார்த்துச் சிரித்தார்.

"அப்பவே சொன்னேன்ல? பொன்னு இருந்திருந்தா எங்க மாமியா இத எங்கிட்ட விட்டு வச்சிருப்பாங்களா?"

வந்ததுதான் வந்தார்கள், பத்து நிமிஷம் இருக்கச் சொன்னேன். மூன்று குழவிகளையும் தரையில் வைத்து எந்தக் கல்லில் மினுக்கு அதிகம் என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொன்னேன். பிள்ளைகளைவிட அம்மாக்கள்தான் சண்டை போட்டார்கள்.