முதுகில் எழுதிய சொல்

போன மாதம் மகள் புதுச் சட்டையோடு வீட்டுக்கு வந்தாள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், அங்கே வலைப்பந்து அணியில் ஆடுகிறாள். ஊதாச் சட்டையின் முதுகில் ‘பெல்லாட்ரிசெஸ்’ என்று பெரிய வெள்ளை எழுத்து.

“இதென்ன பாசை மனே?”

“லத்தீன் அம்மா. சண்டை பிடிக்கிற பொம்பிளை பெல்லாட்ரிக்ஸ். ஆம்பிளை எண்டா பெல்லாட்டர். நாங்க கனபேரெல்லே, அதால பெல்லாட்ரிசெஸ்.”

“வேற பேர் கிடைக்கல்லியா?”

“மற்ற டீமுக்குச் சுறாக்கள் எண்டு பேர். அவங்களுக்கும் பயப்பிடுவீங்களா?”

சிரித்தேன். நான் ஒரு ஆசிரியை, சொல்லுக்குப் பயப்படக் கூடாதுதான். ஆனால் என் அக்காவைப் பதினேழு வயதில் இயக்கம் சண்டைக்குக் கொண்டுபோனது. அவள் திரும்பவில்லை. இராணுவம் வீடுவீடாகத் தேடுதல் நடத்திய நாட்களில், எங்கள் பக்கத்தில் பலரும் செய்ததைப் போல, அம்மா அவளுடைய படங்களைப் பொலித்தீனில் சுற்றிக் கோழிக்கூட்டின் அடியில் புதைத்தா. பின்னர் தோண்டியபோது எல்லாம் ஒட்டிக் கரைந்திருந்தன. ஒரு முகமும் மிஞ்சவில்லை.

பஸ்ஸில் யாராவது அந்தச் சொல்லைப் போனில் தட்டிப் பார்த்தால்? மகள் குளிக்கப் போன நேரத்தில் சட்டையைப் பொலித்தீனில் சுற்றி, முருங்கை மரத்தடியில் புதைத்தேன்.

அடுத்த நாள் காலை கல்குடாவில் போட்டி. மகள் வீடு முழுக்கத் தேடினாள். தெரியாது என்றேன். கடைசியில் கட்டிலில் இருந்து தோழியிடம் போனில் சொன்னாள்: “சட்டை இல்லாம ஆட விடமாட்டாங்க கா. என்னைப் பாத்துக்கொண்டு நிக்காதீங்க, நீங்க போங்க.”

மூன்று வருடமாக அவள் காத்திருந்த போட்டி அது. நான் மண்வெட்டியை எடுத்தேன்.

சட்டை நனையவில்லை. முற்றத்தில் நின்று மண்ணைத் தட்டினேன். மகள் என்னையும் மரத்தடிக் குழியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பெரியம்மாட படமும் இப்பிடித்தானா வெச்சீங்க?”

“ஓம்.”

அவள் ஏசவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டாள்.

“மேல ஒரு ஜாக்கெட் போடன் மனே.”

“இந்த வெயிலுக்கா?”

“அப்ப நானும் வாறன்.”

செங்கலடியில் பஸ் ஏறினோம். அவள் கம்பியைப் பிடித்து நின்றாள், அவளுடைய முதுகு தெரியும்படி நான் பின் சீட்டில் இருந்தேன். பக்கத்திலிருந்த பெண் அந்த எழுத்தைக் காட்டி, “அது என்ன பேர்?” என்று கேட்டாள்.

“மகள்ட டீம்,” என்றேன்.

பொருளை அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா தெரியாது. கல்குடா வரும்வரை அந்தப் பெண்ணின் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.